இது பொற்கதிர் அல்ல

சரோஜினி அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அவருக்கு அந்தக் கோபம் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாண் சுடுகிற போறணைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கோபப்பட நேரம் கிடைப்பதில்லை. நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. கரம்பொன்னில் அவருடைய பக்கத்து வளவில் இருந்தவள். எனக்கு நேரம் இருந்தது.

சரோஜினிதேவி யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், கரம்பொன்னில் பிறந்தவர். கலியாணம் முடித்துத் தெற்கே, மலைநாட்டுப் பண்டாரவளைக்குப் போனார். கணவர் மார்க்கண்டு அங்கே தகப்பன் காலத்திலிருந்து பேக்கரி வைத்திருந்தவர். எங்கள் தீவு ஆட்கள் தெற்கில் கடை போட்டால் பெண்சாதி பெரும்பாலும் ஊரிலேதான் இருப்பாள். மனுசன் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் வந்து போவார். சரோஜினி அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. கூடவே போனார். முதலில் காசுமேசையில் இருந்தார். ஒரு நாள் மா குழைக்கிற ஆள் வராமல் போகவே, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனவர் பிறகு வெளியே வரவேயில்லை. வேலை முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்தியவர்கள் அந்தப் பேக்கரியையும் எரித்தார்கள். மார்க்கண்டர் பெண்சாதியையும் மகளையும் பின்மதிலால் இறக்கிவிட்டுத் தானும் குதித்தார். மூன்று பேரும் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தார்கள். போறணைக்கென்று அடுக்கி வைத்திருந்த விறகையே இழுத்துப்போட்டுத்தான் கடைக்கு நெருப்பு வைத்தார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அகதி முகாம், பிறகு கப்பல், காங்கேசன்துறை, கரம்பொன். வந்து சேர்ந்த நாளிலிருந்து மார்க்கண்டர் நெருப்புக்குக் கிட்டப் போகமாட்டார். குசினியில் அடுப்பு மூட்டினால் எழும்பி வேலிப்பக்கம் போய் நிற்பார். ஊரில் சிலர் அதைப் பகிடி பண்ணினார்கள். அக்கா ஒரு சொல் சொன்னதில்லை. "அவருக்கு ஏலாது, எனக்கு ஏலும். அவ்வளவுதானே ரீச்சர்" என்பார்.

தகப்பன் விட்டுப்போன காணியின் ரோட்டுக்கரைத் துண்டில் அவர் ஒரு போறணை கட்டினார். கட்டிய பிறகுதான் மா இல்லை என்று தெரிந்தது. புதிதாக ஒரு பேக்கரிக்கு மா எடுப்பதென்றால் அனுமதிக்காக அரசாங்கக் கச்சேரிக்கு நடந்து கால் தேயவேண்டும். நடந்தார். பிறகு யாரோ சொல்லி யாழ்ப்பாணப் பட்டினத்தில் பொற்கதிர் பேக்கரி வைத்திருந்த தில்லைநாதன் முதலாளியிடம் போனார். தில்லைநாதனிடம் மா இருந்தது, பெயரும் இருந்தது. தீவுப் பகுதியில் அவருடைய பாணுக்குக் கடை இல்லை. கடலுக்கு இந்தப் பக்கத்துச் சனம் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஒப்பந்தம் எழுதினார்கள். பெயர் முதலாளியுடையது, வேலை அக்காவுடையது. முகப்பில் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஒவ்வொரு பாணின் தலையிலும் போறணைக்குள் வைக்கும் முன் ஒட்டுவதற்குக் கதிர்ப் படம் போட்ட சின்னப் பச்சை லேபல். மா அவருடைய கணக்கில் வரும். அதற்கும் பெயருக்குமாக மாதாமாதம் வருமானத்தில் ஒரு பங்கு போகும். ஐந்து வருசத்துக்கு. கடைசிப் பக்கத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்று ஒரு நீளப் பந்தி இருந்தது. அக்கா அதையும் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தார். ஆனால் எண்பத்துமூன்றைக் கண்டுவிட்டு வந்த ஆட்களுக்கு ஐந்து வருசம் என்பது இன்னொரு பிறவி மாதிரி. அதற்கப்பால் என்ன என்று யார் யோசித்தார்கள்?

மார்க்கண்டர் உள்ளே வராவிட்டாலும் கடை முகப்பைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். வாசலுக்கு மேலே சீமெந்தில் "பொற்கதிர்" என்று பெரிய எழுத்தாகப் புடைப்பித்து வைத்தார். அழகான எழுத்து. பண்டாரவளையிலிருந்து வந்த பிறகு அந்த மனிதர் மனம் வைத்துச் செய்த முதல் வேலை அதுதான். அந்தக் கிழமை முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

பாண் நல்ல பாண். அதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த வருசங்களில் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் இருந்த யாரும் சொல்வார்கள். ஆனால் பெயர் எடுத்தது இனிப்புப் பணிஸ். ஒரு கிழமை சீனி தட்டுப்பட்டபோது அக்கா பனங்கட்டியைச் சீவி, தேங்காய்ப்பூவோடு பிரட்டி, மாவுக்குள் வைத்துச் சுட்டுப் பார்த்தார். சூடாக ஒன்றைப் பிய்த்தால் உள்ளே கருஞ்சிவப்பாக உருகிப்போய் இருக்கும். பேக்கரியில் வேலைசெய்த கிறிஸ்தோப்பர் அதைச் சைக்கிள் பெட்டியில் கட்டிக்கொண்டு, நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற சனத்துக்கு விற்கக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை மிதிப்பார். போன பெட்டி வெறுமையாகத்தான் திரும்பும். தில்லைநாதன் முதலாளி ஒரு தரம் வந்தபோது இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்கிறீர் என்று கேட்டார். அக்கா ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அடுத்த மாதம் பட்டினத்துப் பொற்கதிரிலும் பனங்கட்டிப் பணிஸ் வந்தது.

எண்பத்தேழு ஐப்பசியில் பட்டினத்தில் இந்திய ஆமியோடு சண்டை வந்தது. தில்லைநாதன் பேக்கரியைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். பட்டினத்திலிருந்து தப்பிய சனம் தீவுப் பக்கமும் வந்து பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் இருந்தது. முதலாளியிடமிருந்து மா வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. அக்கா கூட்டுறவுச் சங்கக் கடைக் கிட்டங்கியில் கெஞ்சி மா எடுத்தார். ஈஸ்ற் முடிந்தபோது தென்னங்கள்ளு ஊற்றி மாவைப் பொங்கவைத்தார். விடியப்புறம் எங்கள் பள்ளிக்கூட வாசலுக்குக் கிறிஸ்தோப்பர் பாண் பெட்டியோடு வருவார். கையில் காசு இருந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பாண் ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை லேபல் இருந்தது. "மா அவர் தரேல்லை, பிறகேன் அக்கா அவரின்ர பேரை ஒட்டுறியள்?" என்று நான் கேட்டேன்.

"ஒட்டுறதெண்டு கையெழுத்து வைச்சனான். ஒட்டத்தானே வேணும்" என்றார்.

அந்த மாரிக்குப் பிறகு பொற்கதிர் என்றால் தீவுச் சனத்துக்குக் கரம்பொன்தான். அந்தப் பெயரில் பட்டினத்தில் இன்னொரு பேக்கரி இருப்பது பல பேருக்குத் தெரியவே தெரியாது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, ஐந்து வருசமும் முடிந்த கையோடு தில்லைநாதன் முதலாளி காரில் வந்து இறங்கினார். கூட அவருடைய தம்பி தியாகலிங்கம். நான் அப்போது பாண் வாங்கப் போய் நின்றேன். அக்கா கதிரைகளைத் துடைத்துப் போட்டார். ஆளுக்கொரு பணிஸும் தேத்தண்ணியும் வந்தது.

"தங்கச்சி, அஞ்சு வருசம் முடிஞ்சுது" என்றார் முதலாளி.

"ஓம் அண்ணை. புதுப்பிக்கிறதுக்கு நாங்களே வருவம் எண்டு இருந்தனாங்கள்."

"புதுப்பிக்கேல்லை. ஊர்காவற்றுறைச் சந்தையடியில தம்பி கடை போடுறான். இனித் தீவுப்பகுதி அவன்ர பொறுப்பு."

முதலாளி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். பலகையைக் கழற்றவேண்டும். மிச்ச லேபல்களையும் பெயர் பொறித்த பாண் அச்சுகளையும் திருப்பித் தரவேண்டும். சைக்கிள் பெட்டியில் எழுதியதை அழிக்கவேண்டும். பச்சையும் மஞ்சளும் சேர்ந்த நிறம் கடையில் எங்கேயும் இருக்கக்கூடாது.

"சரி அண்ணை. உங்கட பேர், உங்கட சாமான். தாறன்."

"பனங்கட்டிப் பணிஸும் போடக்கூடாது."

"அது என்ர பணிஸ் எல்லோ?"

"பொற்கதிர் எண்ட பேரில வித்தது எல்லாம் பொற்கதிருக்குச் சொந்தம். இதில கிடக்கு, பாரும்." பணிஸை மென்றுகொண்டேதான் சொன்னார். "அதோட ரெண்டு வருசத்துக்கு நீர் தீவுப்பகுதியில பேக்கரித் தொழில் செய்யேலாது."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது அண்ணை?"

முதலாளி ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தியாகலிங்கம்தான் சிரித்தான். "அது ஒப்பந்தத்தில இல்லைத்தானே அக்கா" என்றான்.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அக்கா அவர்கள் குடித்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே பலகையைக் கழற்றினார். லேபல் கட்டுகளைப் பிரிக்காமல் பெட்டியில் போட்டார். அச்சுகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து அடுக்கினார். கதவும் யன்னலும் முன்பு பச்சை. கிறிஸ்தோப்பர் அதற்குச் சாம்பல் நிறப் பெயின்ற் அடித்தார். மிஞ்சியது வாசலுக்கு மேலிருந்த சீமெந்து எழுத்து. அதை உடைக்கக் கிறிஸ்தோப்பர் ஏணி வைத்தபோது மார்க்கண்டர் உளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் வைச்சது, நானே எடுக்கிறன்" என்றார். பின்னேரம் முழுக்க அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. ஒரு எழுத்தை உடைத்துவிட்டு இறங்கி வந்து கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு மறுபடியும் ஏறுவார்.

சாமான்களை எடுக்கத் தியாகலிங்கம் வானோடு வந்தான். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தான். பிறகு ஏணியைக் கேட்டு வாங்கி ஏறி, சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். "உடைச்ச இடம் எழுத்து மாதிரியே கிடக்கு. இன்னும் வாசிக்கலாம்" என்றான். அவன் சொன்னது உண்மைதான், சாய்ந்த வெயிலில் பார்த்தால் தெரியும். மார்க்கண்டர் சீமெந்து குழைத்து முழுச் சுவரையும் பூசினார். தியாகலிங்கம் அது முடியும்வரை வானுக்குள் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு, அக்கா பாண் சுடுவதை மட்டும் நிறுத்தவில்லை. பணிஸை நிறுத்தினார். பெயரில்லாத பாண், லேபல் இல்லாத பாண், அதை மட்டும் சுட்டார். "அவரின்ர சாமான் எல்லாம் அவருக்குக் குடுத்திட்டன். மா குழைக்கிற கையையும் கழட்டிக் குடுக்கச் சொன்னால் எப்பிடி?" என்றார்.

ஊர்ச் சனத்துக்கு இதொன்றும் தெரியாது. பலகை போனால் என்ன, கடை அங்கேதானே இருக்கிறது! "பொற்கதிரில ரெண்டு றாத்தல் வாங்கிக்கொண்டு வா" என்றுதான் வீடுகளில் பிள்ளைகளை அனுப்பினார்கள். அதைக் கேள்விப்பட்டு முதலாளி இரண்டாம் தரம் வந்தார்.

"சனம் இன்னும் உம்மட கடையைப் பொற்கதிர் எண்டுதான் சொல்லுது. பஸ்காரனும் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆள் இறக்கிறான். அதை நிப்பாட்டுறது உம்மட பொறுப்பு."

"பலகை கேட்டியள், தந்தன். அச்சுக் கேட்டியள், தந்தன். சனத்தின்ர வாயை எப்பிடி அண்ணை கழட்டித் தாறது?"

"வாற ஆக்களுக்குச் சொல்லும். இது பொற்கதிர் இல்லை, பொற்கதிர் சந்தையடியில இருக்கெண்டு சொல்லும்."

அக்கா அதையும் செய்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். காலையில் பாணுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். தன் வாயாலேயே தன் வாடிக்கையாளரைச் சந்தையடிக்கு வழிகாட்டினார். சிலர் போனார்கள். போனவர்கள் இரண்டொரு நாளில் திரும்பி வந்தார்கள், கோபத்தோடு.

தியாகலிங்கத்தின் கடையில் போறணை இல்லை. பட்டினத்தில் இரவு சுட்ட பாண் வானில் வரும். பண்ணைப் பாலத்தடியில் இந்திய ஆமிக்காரர் வானை மறித்துச் சோதிப்பார்கள். சில நாள் மதியம் திரும்பினாலும் விடமாட்டார்கள். வெக்கையில் அடைபட்டுக் கிடந்த பாண் சந்தையடிக்கு வரும்போது புளித்து நார்நாராக இழுபடும். தலையில் மட்டும் பச்சை லேபல் பளிச்சென்று இருக்கும். லேபலைப் பார்த்த சனம் அதைச் சரோஜினி அக்காவின் பாண் என்றுதான் நினைத்தது. வேறு யாருடைய பாணில் அந்த லேபலை அவர்கள் கண்டிருக்கிறார்கள்? வேலணையிலிருந்து ஒரு கிழவர் புளித்த பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் மேசையில் போட்டார். "எண்பத்தேழில கள்ளு ஊத்திச் சுட்டுத் தந்தாய், அது நல்லாயிருந்தது. இப்ப என்ன பிள்ளை இது? காசுக்காக இப்பிடியும் செய்வியோ?" என்று கேட்டார்.

அக்கா அது தன் பாண் இல்லை என்று விளக்கவில்லை. தன் பாண் ஒன்றைச் சுற்றிக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு மட்டும் அவர் போறணைக்கு முன்னால் வெகுநேரம் ஒரு வேலையும் செய்யாமல் நின்றதை நான் கண்டேன்.

சந்தையடிக் கடைக்குச் சனம் போகாமல் விட்டதும் முதலாளி பிரசைகள் குழுவில் முறைப்பாடு கொடுத்தார். அந்த நாட்களில் வழக்குப் பேசுகிற கோடு ஒழுங்காக நடக்கவில்லை. காணிச் சண்டையிலிருந்து மாட்டுச் சண்டை வரைக்கும் ஊர்ப் பெரியவர்கள் இருந்த அந்தக் குழுதான் தீர்த்தது. தலைவர் அரியநாயகம், காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசாக இருந்து ஓய்வுபெற்றவர். விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததால் நானும் ஓரமாக இருந்தேன்.

அக்காவோடு மார்க்கண்டர் வந்திருந்தார். எதிர்ப்பக்கம் அண்ணனும் தம்பியும். மேசைக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் ஆண்கள். எண்பத்தேழில் அந்த வாசலில் வரிசையில் நின்று பாண் வாங்கிப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அரியநாயகம் கடைசிப் பக்கத்தை உரத்து வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இந்தக் கையெழுத்து உம்மடதுதானே?"

"ஓம் ஐயா."

"வாசிச்சுப்போட்டுத்தானே வைச்சனீர்?"

"ஓம் ஐயா. வாசிச்சனான்."

"அப்ப இதில கதைக்க என்ன இருக்கு?"

"கதைக்க இருக்கு ஐயா." அக்கா எழும்பினார். "பேர் அவரின்ர. அதில நான் ஒரு எழுத்தும் வைச்சிருக்கேல்லை, சுவரை வந்து பாருங்கோ. ஆனால் இந்தப் பேரை இந்தத் தீவில ஆர் கொண்டுவந்தது? அவர் கொழும்பில நிண்ட நேரம் அவரின்ர லேபலை ஒட்டி ஒட்டிச் சனத்துக்குச் சோறு மாதிரிப் பாண் குடுத்தது ஆர்? அப்ப அவர் வந்து, இது என்ர பேர், வெறும் கையோட வாறவைக்குக் குடுக்காதை எண்டு சொல்லேல்லை. இப்ப நல்ல பேர் வந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போறார். போகட்டும். என்னைப் போறணையையும் அணைக்கச் சொல்லுறார். ஒரு தரம் எங்கட போறணையை வேற ஆக்கள் அணைச்சவை ஐயா. அவை ஒப்பந்தம் ஒண்டும் காட்டேல்லை."

தில்லைநாதன் எழும்பி, தன்னை யாரோடு ஒப்பிடுகிறாள் பாருங்கள் என்று கத்தினார். அரியநாயகம் இருவரையும் இருக்கச் சொன்னார்.

அவர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். பாண் சுடலாம். ஆனால் இரண்டு வருசத்துக்குப் பனங்கட்டிப் பணிஸ் போடக்கூடாது. ஒரு வருசத்துக்குச் சந்தைக் கடைகளுக்குப் பாண் கொடுக்கக்கூடாது; தன் கடை வாசலில் மட்டும் விற்கலாம். சனம் மயங்காமல் இருக்க, இது பொற்கதிர் பேக்கரி அல்ல என்று கடை முகப்பில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதித் தொங்கவிடவேண்டும்.

அக்காவின் கடைக்கு அவருடைய பெயரை வைக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. வேறொருவருடைய பெயர் இல்லை என்று எழுதச் சொன்னார்கள். நல்ல நீதி! வெளியே வந்தபோது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அக்கா கிறிஸ்தோப்பரிடம் பலகைக்குச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் உடைந்து கிடந்த கரும்பலகைத் துண்டு ஒன்றை நான் கொடுத்தேன். கிறிஸ்தோப்பர் அதில் வெள்ளை எழுத்தில் எழுதினார்: இது பொற்கதிர் பேக்கரி அல்ல. அதற்கு மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை. ரோட்டால் போகிறவர்கள் நின்று வாசித்தார்கள். காரணம் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அக்கா சொல்லாவிட்டாலும் கிறிஸ்தோப்பர் சொன்னார், நானும் சொன்னேன். கதை வேலணை, புங்குடுதீவு என்று ஓடியது. ஒரு மாதத்துக்குள் சனம் அந்தக் கடைக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டது. "அல்ல பேக்கரி." பஸ்காரன் "அல்ல இறக்கம்" என்று கத்துவான். பிள்ளைகள் வந்து "அல்லப் பாண் ஒரு றாத்தல்" என்று கேட்பார்கள். புளித்த பாண் எங்கே வரும், நல்ல பாண் எங்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. சந்தைக்குப் பாண் போகாத குறையும் தெரியவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் கரம்பொன்னுக்கு வந்து வாங்கிப்போனார்கள்.

தில்லைநாதன் முதலாளி மறுபடியும் குழுவுக்குப் போனார். ஏன் தெரியுமா? அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லித்தான்! ஒப்பந்தம் முடிந்த பிறகு தன் பெயர் அக்காவின் கடையில் தொங்குகிறதாம். அதை வைத்து அக்கா வியாபாரம் நடத்துகிறாராம். அரியநாயகம் அதைக் கேட்டுவிட்டு, "தொங்கவிடச் சொன்னது நாங்கள், கேட்டது நீர். இனி இந்தப் பாண் கதையோட இஞ்சை வராதையும்" என்று அனுப்பிவிட்டார் என்று சொன்னார்கள். அரியநாயகத்தைப் பற்றி என் வாயில் வந்த ஒரே நல்ல சொல் அன்றைக்கு வந்தது.

மாரிக்குப் பிறகு சந்தையடிக் கடை பூட்டப்பட்டது.

தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்கியது. ஆவணியில் இலங்கை ஆமி தீவுக்குள் இறங்க, கரம்பொன் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. நாங்கள் தோணியில் கடலைக் கடந்து அக்கரையில் அராலிப் பக்கம் கரையேறினோம். அன்று விடியப்புறம் சுட்ட பாணை அக்கா உரப்பைகளில் கட்டிக்கொண்டு வந்து கரையில் இருந்த பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தார். விட்டுவந்த போறணை அப்போதும் உள்ளே சூடாகத்தான் இருந்திருக்கும்.

அளவெட்டியில் ஒரு உறவினர் வளவில் அவர்கள் ஒதுங்கினார்கள். முதலில் ஒரு எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கப் போட்டு மண் பூசி அதற்குள் சுட்டார். பிறகு செங்கல்லில் ஒரு சின்னப் போறணை. மா கிடைத்த நாளில் பாண். கிடைக்காத நாளில் அரிசிமாவும் காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல்மாவும் கலந்து ஏதோ ஒன்று. தீவுச் சனம் முழுக்கச் சிதறிப்போய்விட்டது. தீவுப்பகுதி என்று எழுதிய ஒப்பந்தத்துக்கு இங்கே வலுவே இல்லை. ஆனாலும் பணிஸ் மட்டும் அவர் போடவில்லை. பனங்கட்டி கையெட்டிய தூரத்தில் கிடைத்தது. தேங்காய் வளவிலேயே விழுந்தது. நான் கேட்டேன்.

"ரெண்டு வருசம் எண்டு சொன்னவை. இன்னும் முடியேல்லை" என்றார்.

"அந்தக் குழுவே இப்ப இல்லை அக்கா! ஆர் வந்து பார்க்கப்போறது?"

"ஒருத்தரும் பார்க்கமாட்டினம். பிறகு, நான் சொல்லுக் காக்கேல்லை எண்டு அவர் ஒரு நாள் சொல்லுவார். அதை அவருக்குச் சொல்லக் குடுக்கமாட்டன்."

இதுதான் அவருடைய கோபம் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. என்னுடைய கோபம் மாதிரிக் கத்துகிற கோபம் இல்லை. தவணை முடிந்த கிழமை அவர் பனங்கட்டிப் பணிஸ் சுட்டார். மகள் ஒரு தட்டத்தில் எனக்குக் கொண்டுவந்து தந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் தியாகலிங்கம் சைக்கிளில் அளவெட்டிக்கு வந்தான். பட்டினத்துப் பொற்கதிரில் போறணை வேலைக்காரர் எல்லாரும் போய்விட்டார்களாம்; ஈஸ்ற் இல்லாமல் பாண் பொங்குவதில்லையாம். சிரிக்காமல் மரியாதையாகப் பேசினான்.

"அண்ணை சொன்னவர் அக்கா, பழசை மறப்பமாம். நீங்கள் பட்டினத்துக்கு வந்து போறணையைப் பாருங்கோ. இல்லாட்டி இஞ்சையே சுடுங்கோ, பேரைத் திரும்பவும் தாறாராம். ஒரு புது ஒப்பந்தம் எழுதினால் சரி."

அக்கா கை நிறைய மாவோடு நின்றார். "கள்ளு ஊத்திப் புளிக்க வைக்கிறது எப்பிடியெண்டு கேளும், சொல்லித் தாறன். அதுக்கு ஒப்பந்தம் வேண்டாம்."

"பேர்...?"

"பேரை அவரே வைச்சிருக்கட்டும் தம்பி. அஞ்சு வருசம் சுமந்தனான். இறக்கி வைக்கச் சொன்னார், வைச்சன். பிறகு என்ர வாசலில நிண்டு சனத்துக்கு இது அவரின்ர கடை இல்லையெண்டு சொல்லவும் வைச்சார். அதுவும் சொன்னன். நல்ல வேளை சொன்னன். இப்ப அவரே வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்."

தியாகலிங்கம் கள்ளுக் கணக்கைக் கேட்டுக்கொண்டு போனான். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவன் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்; அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது தொண்ணூற்றுநாலு. கரம்பொன்னுக்கு ஒருவரும் திரும்பவில்லை. அந்தப் போறணை என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. அளவெட்டிப் போறணைக்குப் பலகை இல்லை, லேபல் இல்லை. மார்க்கண்டர் காலையில் ரோட்டுக்கரையில் மேசை போட்டு விற்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பணிஸ் போடுவார்கள். விடியப்புறம் போனால் கிடைக்கும், வெயில் ஏறிப் போனால் முடிந்துவிடும்.